கார் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகளா? சோப்பு போட்டால் போகாது... இதைச் செய்யுங்கள்!

போன வாரம் விடியற்காலை, அப்பாவுடன் காரில் ஆரல்வாய்மொழியிலிருந்து நாகர்கோவிலுக்கு வந்துகொண்டிருந்தேன். நான்தான் ஓட்டினேன். தோவாளை பக்கம் எதிரே ஒரு லாரி. அதன் ஹெட்லைட் வெளிச்சம் பட்டதும் முன்கண்ணாடி முழுக்க வெள்ளையாகிவிட்டது. பூச்சந்தைக்கு சைக்கிளில் போய்க்கொண்டிருந்தவர், லாரி கடந்த பிறகுதான் கண்ணில் பட்டார். பிரேக் பிடித்துவிட்டேன். அவருக்கு ஒன்றுமில்லை. எனக்குக் கை நடுக்கம் நிற்க வெகுநேரம் ஆனது.

"நேத்துதானே மக்களே கழுவினேன்" என்றார் அப்பா. பிரச்னையே அதுதான். கழுவியது போர்வெல் தண்ணீரில். துடைக்காமல் வெயிலில் காயவிட்டிருக்கிறார்.

புள்ளி எப்படி வருகிறது?

கடினநீரில் கால்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கும். தண்ணீர் ஆவியானதும் அவை சுண்ணாம்புபோலக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். இரவில் எதிர் வெளிச்சம் பட்டால் ஒவ்வொரு புள்ளியும் அதைச் சிதறடிக்கும்.

குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அந்த 600 கணக்கில், 10 லிட்டர் வாளியில் 6 கிராம் சுண்ணாம்புக்குச் சமமான அளவு இருக்கும்!

முட்டம், குளச்சல் பக்கம் கடல்காற்றில் படியும் உப்பு வேறு. அது நல்ல தண்ணீரிலேயே கரைந்துவிடும். சுண்ணாம்புக் கறைக்கு அமிலம் வேண்டும்.

எப்படி நீக்குவது?

1. வண்டியை நிழலில் நிறுத்துங்கள். கண்ணாடி சூடாக இருக்கக் கூடாது. முதலில் தூசி போகக் கழுவுங்கள்.

2. வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, பருத்தித் துணியை நனைத்துக் கண்ணாடியில் ஒட்டுங்கள். வினிகர் இல்லையா? வடிகட்டிய எலுமிச்சைச்சாறு போதும்.

3. ஐந்து முதல் பத்து நிமிடம் கழித்து மெதுவாகத் தேய்த்து, நிறைய தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பெயின்ட்டில் வழிந்ததையும் உடனே கழுவிவிடுங்கள்.

4. காயும் முன் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். இதுதான் முக்கியம்!

வைப்பர் ரப்பரையும் துடையுங்கள். அதில் ஒட்டிய துகள் கண்ணாடியைக் கீறும்.

இதைச் செய்யாதீர்கள்

ஸ்டீல் நார், உப்புத்தாள் வேண்டாம். பாத்ரூம் ஆசிட் கூடவே கூடாது. அது பெயின்ட்டையும் உலோகத்தையும் அரிக்கும். பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும்.

மாதக்கணக்கில் காய்ந்த கறை அசையவில்லையா? சீரியம் ஆக்சைடு கலந்த கிளாஸ் பாலிஷ் போட, கார் டீட்டெய்லிங் கடைக்குப் போங்கள்.

நம்ம ஊர் வசதி

மழைநீரில் இந்தத் தாதுக்கள் கிடையாது என்றே சொல்லலாம். குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. முதல் மழையை விட்டுவிட்டு, அடுத்து மாடியிலிருந்து வரும் தண்ணீரில் ஒரு வாளி பிடித்து வையுங்கள். கடைசி அலசல் அதில் இருக்கட்டும்.

எங்கள் வீட்டில் இப்போது அப்பா கழுவுகிறார், நான் துடைக்கிறேன். நேற்று இரவு அதே ரோடு. எதிரே வந்த லாரியும் தெரிந்தது, ஓரமாக நடந்து போனவரும் தெரிந்தார்.