நாய்க்கு வீட்டிலேயே முடி வெட்டலாமா? கத்தரிக்கோலுக்கு முன்னாடி சீப்பை எடுங்க

ஷிட்ஸு, மால்டீஸ், பொமரேனியன், டாய் பூடல். வீவக புளோக் மின்தூக்கியில் நாம் அடிக்கடி பார்க்கும் நாய்கள் இவைதான். எல்லாமே அடர்ந்த முடி உள்ளவை. அதற்கு ஒரு காரணம் விதிமுறையிலேயே இருக்கிறது.

வீவக வீட்டில் ஒரு நாய்தான் வளர்க்கலாம். அதுவும் அனுமதிக்கப்பட்ட 62 சிறிய இனங்களில் ஒன்றாக இருக்க வேண்டும். சின்ன உருவத்தைப் பார்த்துப் போட்ட பட்டியல் அது. ஆனால் சின்ன நாய் இனங்களில் நிறைய, அடிக்கடி முடி பராமரிப்பு தேவைப்படும் இனங்கள். ஆக, இடம் பிடிக்காத நாயை வாங்குகிறோம், நேரம் பிடிக்கும் முடியும் கூடவே வீட்டுக்கு வந்துவிடுகிறது.

செலவு எங்கே இடிக்கிறது?

ஷிட்ஸு, பூடல் போன்றவற்றுக்கு முடி வளர்ந்துகொண்டே இருக்கும். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை கடைக்குப் போக வேண்டியிருக்கும். 2024 முதல் பொருள் சேவை வரியும் 9 விழுக்காடு. "நாமே வெட்டினா என்ன?" என்று யோசிப்பதில் தப்பில்லை. 2020 ஏப்ரல் 7 தொடங்கி ஜூன் 1 வரை இருந்த சர்க்கிட் பிரேக்கர் காலத்தில் பலர் வேறு வழியில்லாமல் அதைத்தான் செய்தார்கள்.

வீட்டில் செய்வது நல்ல யோசனைதான். ஆனால் பெரும்பாலானோர் தப்பான முனையில் ஆரம்பிக்கிறார்கள். முதலில் கிளிப்பர் வாங்குகிறார்கள். உண்மையில் வீட்டில் செய்ய வேண்டிய முக்கிய வேலை சீவுவது. வெட்டுவது அதற்கு அப்புறம்தான்.

சடை ஏன் இவ்வளவு பெரிய விஷயம்?

உதிர்ந்த முடி கீழே விழாமல் மற்ற முடியோடு பின்னிக்கொள்ளும். காதுக்குப் பின்னால், முன்னங்கால் இடுக்கில், கழுத்துப்பட்டையும் ஹார்னஸும் உரசும் இடத்தில் முதலில் தொடங்கும். மேலே பார்த்தால் நாய் பஞ்சு மாதிரி இருக்கும். அடியில் கம்பளம் மாதிரி இறுகிப் போயிருக்கும். ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் அது தோலை இழுக்கும். நம்ம ஊர் ஈரப்பதத்தில் அதற்குள் காற்றும் போகாது. தோல் சிவந்து புண்ணாகிவிடும்.

இங்கேதான் குளியலில் தப்பு நடக்கிறது. சிக்கெடுக்காமல் தண்ணீர் ஊற்றினால் சடை இன்னும் இறுகும். முதலில் சீவுங்க, பிறகு குளிப்பாட்டுங்க. குளித்ததும் வேர்வரை காய வையுங்க. டிரையரில் சூடு குறைவாக இருக்கட்டும். மூக்கு சப்பையான ஷிட்ஸு, பெக்கினீஸ் போன்ற நாய்கள் வெப்பத்தை அவ்வளவாகத் தாங்காது. மனிதர்களுக்கான ஷாம்பூ வேண்டாம். நாயின் தோலுக்கு அது ஒத்துவராது.

சீவுவதிலும் ஒரு முறை இருக்கிறது. முடியை ஒரு கையால் மேலே தூக்கிப் பிடித்து, தோல் தெரியும்படி வகிடு எடுத்து, வரிசை வரிசையாக ஸ்லிக்கர் பிரஷ்ஷால் சீவ வேண்டும். கடைசியில் இரும்புச் சீப்பை வேரிலிருந்து நுனிவரை இழுத்துப் பாருங்க. எங்கே தடுக்குதோ அங்கே வேலை மிச்சம் இருக்கு. தினமும் பத்து நிமிடம் போதும். வாரக் கடைசியில் மொத்தமாகச் செய்துகொள்ளலாம் என்றால் நாயும் பொறுக்காது, நீங்களும் பொறுக்க மாட்டீங்க.

கத்தரிக்கோலை எங்கே நிறுத்துவது?

சடையைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுக்கவே கூடாது. சடையை இழுத்துப் பிடிக்கும்போது தோலும் கூடவே கூடாரம் போல எழும்பி வரும். நாய்த்தோல் மெல்லியது, முடி எங்கே முடிகிறது, தோல் எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. சிறிய சிக்கை விரலால் பிரிக்கலாம். தோலோடு ஒட்டிய சடைக்கு கிளிப்பரும் பழகிய கையும் வேண்டும். உடம்பு முழுக்க சடை என்றால் கால்நடை மருத்துவர்தான். சில நேரம் மயக்க மருந்து கொடுத்து மழிக்க வேண்டியிருக்கும். கடைச் செலவை மிச்சம் பிடிக்கப் போய், அதைவிடப் பெரிய ரசீதில் முடியும் கதை இது.

பாதத்தின் அடியில் நீண்டிருக்கும் முடி, பின்புறம், கண்ணை மறைக்கும் முடி. இவ்வளவையும் வீட்டில் வெட்டலாம், நுனி மழுங்கிய கத்தரிக்கோல் இருந்தால். கண் பக்கத்தில் வெட்டும்போது இடையில் சீப்பை வைத்துக்கொள்ளுங்க. கிளிப்பர் சீக்கிரம் சூடாகும். அடிக்கடி மணிக்கட்டில் வைத்துப் பாருங்க. உங்களுக்குச் சுட்டால் அதுக்கும் சுடும்.

"வெயிலுக்கு மொட்டை போட்டுடலாமே" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. பொமரேனியனுக்கு மட்டும் அது வேண்டவே வேண்டாம். அதற்கு மேல்முடி, அடிமுடி என இரண்டு அடுக்கு. மொட்டையடித்தால் முடி திரும்பச் சரியாக முளைக்காமலே போகலாம். அடிமுடியைச் சீவி எடுத்தாலே நாய்க்குச் சுகமாக இருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2022 ஏப்ரலில் நாய் இனப்பெருக்க நிலையங்களுக்கும் தங்குமிடங்களுக்கும் உரிம நிபந்தனைகள் கடுமையாக்கப்பட்டன. முடி வெட்டும் கடைகளுக்கு அப்போது தனி உரிமம் இருக்கவில்லை. அதனால் கடையில் விடுவதற்கு முன், நாயை எப்படிக் காய வைப்பார்கள், காயம் பட்டால் என்ன செய்வார்கள் என்று நீங்களே கேட்டுவிடுவது நல்லது. கூச்சப்பட ஒன்றுமில்லை.

உரிமையாளரின் பொறுப்போ தெளிவாக இருக்கிறது. விலங்குகள், பறவைகள் சட்டத்தின்படி நாயைக் காயத்திலிருந்தும் நோயிலிருந்தும் காக்க நியாயமான நடவடிக்கை எடுப்பது உங்கள் கடமை. தவறினால் முதல் முறையே 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒரு சிக்குக்காக யாரும் கதவைத் தட்டப்போவதில்லை. சடைக்கு அடியில் தோல் அழுகும்வரை விட்டுவைத்தால் அது வேறு விஷயம்.

இன்னொன்று: சீவிய முடியைத் தாழ்வாரத்தில் ஊதிவிடாதீங்க, குளியலறைத் துளையிலும் தள்ளாதீங்க. பையில் கட்டிக் குப்பையில் போடுங்க. அடைப்பு வந்தால் கீழ்வீட்டுக்காரரிடம் பதில் சொல்ல வேண்டியது நாய் இல்லை, நீங்கதான்.