கொதிக்கும் நிலத்தில் கூட்டம் கூடலாமா?

நீர் எத்தனை பாகையில் கொதிக்கும் என்று கேட்டால், '100 பாகை செல்சியஸ்' என்று உடனே விடை சொல்வீர்கள். அது பாதி விடைதான். கடல்மட்டத்தில், திறந்த பாத்திரத்தில் மட்டுமே அது பொருந்தும். மீதிப் பாதியை அறியாமல் வெந்நீர் ஊற்றுகளின் அருகே கூட்டமாகச் செல்வது ஆபத்து என்பதே என் கருத்து.

அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும். வீட்டிலுள்ள பிரஷர் குக்கர் இயங்குவது இந்த விதியால்தான். நிலத்தடியிலும் இதுவே நிகழ்கிறது. 10 மீட்டர் ஆழத்தில், மேலேயுள்ள நீரின் எடையும் சேர்வதால், அழுத்தம் இருமடங்காகிறது. அங்கே நீர் 120 பாகை வரை கொதிக்காமல் இருக்கும். திடீரென்று அந்த அழுத்தம் நீங்கினால் என்னவாகும்?

கணக்கிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு கிராம் நீரிலும் மிகையாக உள்ள வெப்பம் 20 கலோரி. ஒரு கிராம் நீர் ஆவியாக 540 கலோரி வேண்டும். ஆகவே 27-இல் ஒரு பங்கு நீர் உடனே ஆவியாகும். ஒரு லிட்டர் நீரில் அது 37 கிராம்தான். ஆனால் அந்த ஆவிக்கு வேண்டிய இடமோ 60 லிட்டருக்கும் அதிகம்! இடமின்றித் தவிக்கும் ஆவி பாறையையும் சேற்றையும் பிய்த்து எறிகிறது. இதுவே நீர்வெப்ப வெடிப்பு. இதற்கு எரிமலைக் குழம்பு மேலே வரவேண்டியதில்லை.

அமெரிக்காவின் எல்லோஸ்டோன் பூங்காவில், பிஸ்கட் பேசின் என்னுமிடத்தில், 2024 ஜூலை 23 அன்று இப்படி ஒரு வெடிப்பு நிகழ்ந்தது. கற்களும் சேறும் 100 மீட்டருக்கு மேல் எழும்பின. பார்வையாளர் நடக்கும் மரப்பலகைப் பாதை சிதைந்தது. மக்கள் ஓடித் தப்பினர், எவருக்கும் காயமில்லை. கருவிகள் நிறைந்த அந்தப் பூங்காவிலேயே முன்னறிகுறி எதுவும் தென்படவில்லை என்பதை நினைவில் வையுங்கள். பூங்கா நிர்வாகம் அப்பகுதியை மூடியது. அதுவே சரியான முடிவு.

நம் நாட்டைப் பார்ப்போம். இமாசலப் பிரதேசத்து மணிகரணில் ஊற்று நீரிலேயே அரிசி வேகிறது. அவ்வூர் 1,700 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால் அங்கே நீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். லடாக்கின் பூகா பள்ளத்தாக்கு 4,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே ஊற்றின் வெப்பம் 84 பாகை. '100-க்குக் குறைவுதானே' என்று எண்ணிவிடாதீர்கள். அந்த உயரத்தில் அதுதான் கொதிநிலை! 2022 ஆகஸ்டில் எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகம் அங்கே துளையிட்டபோது, நிலத்தடி வெந்நீர் பீறிட்டு ஓடையில் கலந்தது, பணியை நிறுத்தவேண்டியதாயிற்று.

"எப்போதோ நடப்பதற்கு ஏன் அஞ்சவேண்டும்? வரும் மக்களை நம்பித்தானே அங்குள்ளோர் பிழைக்கிறார்கள்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. எல்லா ஊற்றுகளும் ஒன்றல்ல. இலங்கையின் கன்னியா கிணறுகளில் மக்கள் நீராடவே செய்கிறார்கள். ஆனால் கொதிநிலையைத் தொடும் ஊற்றுகள் வேறு வகை. எல்லோஸ்டோனில் வெடிப்பைவிட, வெந்நீரில் விழுந்து மாண்டவர்களே அதிகம். இதுவரை 20 பேருக்கு மேல். மெல்லிய மேலோடு காலடியில் உடைவதும் உண்டு.

திருத்தணியில் ஆடிக் கிருத்திகைக்குக் கூட்டம் பெருகும் முன்பே சவுக்குக் கட்டைத் தடுப்புகள் எழுவதை, எங்கள் கே.ஜி.கண்டிகைப் பக்கத்துப் பிள்ளைகள் கண்டிருப்பார்கள். நெரிசல் ஏற்பட்ட பிறகா அவற்றைக் கட்டுகிறோம்? கொதிக்கும் ஊற்றுக்கும் அதே முன்யோசனை வேண்டும். கைப்பிடியுள்ள பாதை, அன்றன்றைய வெப்பநிலையை எழுதிய பலகை, ஊற்றின் நிறமோ மட்டமோ ஒலியோ மாறினால் உடனே வழியை மூடும் அதிகாரம் ஆகிய மூன்றும் இல்லாத இடத்தில் கூட்டத்தை அனுமதிக்கக் கூடாது. வெடிப்பை முன்கூட்டி அறிய இயலாததால், விளிம்பில் மக்களை நெடுநேரம் நிற்கவும் விடக்கூடாது.

நாளை நீங்கள் சுற்றுலா செல்லும்போது, தடுப்பைத் தாண்டிப் படம் எடுக்க நண்பர் அழைத்தால், இந்த 27-இல் ஒரு பங்குக் கணக்கை அவருக்கும் சொல்லுங்கள். தேர்வுக்குப் படித்த இயற்பியல் அங்கே ஓர் உயிரைக் காக்கக்கூடும்.