முன்னிடைச்சொல் பிழைக்குத் தமிழா காரணம்?



"வீட்டில் தமிழ் பேசுவதால்தான் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் ‘இன்’, ‘ஆன்’, ‘அட்’ குழம்புகின்றன, தமிழை நிறுத்துங்கள்" என்று அறிவுரை கூறுவோர் பெருகிவிட்டனர். தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களே இதற்குத் தலையாட்டுவது பெரும் வேதனை. இக்கூற்றை நான் வன்மையாக மறுக்கிறேன்.

வீட்டில், மேசையில், நிலையத்தில் என மூன்றுக்கும் தமிழில் ‘இல்’ உருபு ஒன்றே போதும். ஆங்கிலமோ மூன்று சொற்களைக் கேட்கிறது. பிள்ளை தடுமாறுவது இயல்பே. ஆனால் மலாய்மொழியிலும் இம்மூன்று இடங்களுக்கும் ‘டி’ என்னும் ஒரு சொல்லே வரும். அப்பிள்ளைகளின் பெற்றோரிடம் மலாயை நிறுத்தச் சொல்லும் துணிவு எவருக்கேனும் உண்டா? வார இறுதியைக் குறிக்க ஆங்கிலேயர் ‘அட்’ என்பர். அமெரிக்கர் ‘ஆன்’ என்பர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே ஒன்றுபடாத இடத்தில் நம் பிள்ளையின் தடுமாற்றத்திற்குத் தமிழ்மீது பழி போடுவது என்ன நியாயம்?

குறை கற்பிக்கும் முறையில் உள்ளது. ‘இன் டைம்’, ‘ஆன் டைம்’ இரண்டுக்கும் ‘நேரத்தில்’ என்று பொருள் எழுதிப் போட்டால் பிள்ளை என்ன செய்யும்? எட்டு மணிப் பேருந்து எட்டுக்கே வந்தால் ‘ஆன் டைம்’. அது புறப்படுமுன் நாம் ஓடிப்போய்ச் சேர்ந்தால் ‘இன் டைம்’. இப்படிச் சூழலோடு சொன்னால் மறக்குமா?

‘காதில் வாங்குதல்’ என்னும் மரபுத்தொடரில் ‘காதால்’ ஏன் வரக்கூடாது என்று எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை. தொடரை முழுமையாகக் கற்றதே காரணம். ஆங்கிலத் தொடர்களையும் அவ்வாறே கற்பிக்க வேண்டும். ‘நாய்க்கு அஞ்சினான்’ என்பதில் நான்காம் வேற்றுமை உருபு. ஆங்கிலத்தில் அவ்விடத்தில் ‘ஆஃப்’ வரும் என்று ஒப்பிட்டும் காட்டலாம். உருபு மாறி வருவதை ஆராயவே தொல்காப்பியர் ‘வேற்றுமை மயங்கியல்’ என ஓர் இயலை ஒதுக்கினார். வேற்றுமையைத் தெளிவாகக் கற்ற பிள்ளைக்கு முன்னிடைச்சொல்லின் வேலை எளிதில் விளங்கும்.

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. கோடிட்ட இடத்தை நிரப்பும் பயிற்சித்தாள்கள் மட்டும் நம்மை விட்டபாடில்லை. அவற்றைக் குறைத்து, பிள்ளைகளை ஆங்கிலக் கதைகளை வாய்விட்டுப் படிக்க வையுங்கள்.

ஆங்கிலத்தைப் பிழையறக் கற்போம். அதற்காகத் தமிழைப் பலியிட வேண்டா. பெற்றோர்களே, வீட்டில் தமிழிலேயே பேசுங்கள்!