கண்டம் விட்டுக் கண்டம்

நாற்காலிக்காக ஆட்சியே கவிழ்ந்த கதையெல்லாம் நமக்குத் தெரியும். எங்கள் வீட்டில் ஒரு நாற்காலிக்காக அப்பா என்னோடு நாற்பது நாள் பேசவில்லை.

அப்பா ஓர் அரசு ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ரிடையர் ஆனவர். அவர் உட்கார்ந்து தேய்த்த நாற்காலியை ஆபீஸில் 'கண்டம்' செய்தபோது ஏலத்தில் அவரே எடுத்து, பஸ் டாப்பில் ஏற்றி பாப்பிரெட்டிப்பட்டிக்குக் கொண்டுவந்தார். தேக்குக் கட்டை, பிரம்புப் பின்னல், முதுகில் வெள்ளைப் பெயிண்டில் ஆபீஸ் நம்பர். "என்ன சார், கவர்மென்ட் சொத்தா?" என்று யாராவது கண்ணடித்தால் ஏல ரசீதை எடுத்து நீட்டிவிடுவார்.

போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது, பிரம்பு கிழிந்து ஓட்டை விழுந்திருந்த அதை பழைய சாமான்காரரிடம் 300 ரூபாய்க்குத் தள்ளிவிட்டேன். பி.காம். மூளை! தேய்மானம் போக மதிப்பு பூஜ்யம், வந்தவரை லாபம். பதிலுக்கு ஒரு பிளாஸ்டிக் சேர். அப்பா அதில் உட்காரவில்லை, திண்ணைக்குப் போய்விட்டார்.

சமாதானத்துக்கு ஒரு நல்ல பிரம்பு நாற்காலி வாங்கலாம் என்று செல்போனில் தேடினால், அது என்னை நேராக இத்தாலியில் கொண்டுபோய் இறக்கியது. ஜியோ போன்டி என்று ஒரு டிசைனர். (சிம் கார்டுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை.) கியாவரி என்ற ஊர்த் தச்சர்கள் செய்துவந்த நாற்காலியைப் பார்த்து, அதை இழைத்து இழைத்து 1957-ல் 'சூப்பர்லெஜ்ஜேரா' என்று ஒன்றைக் கொண்டுவந்தார். எடை 1.7 கிலோ. ஒரு பையன் ஒற்றை விரலால் தூக்கிக் காட்டுவதுதான் விளம்பரம். அந்தக் காலத்து நாற்காலிகளைச் சேகரிப்பதற்கென்றே இன்று ஒரு கூட்டம் இருக்கிறது.

அதைத் தயாரித்த கஸ்ஸீனா கம்பெனி 2019-ல் வேறொரு மாடலையும் செய்ய ஆரம்பித்திருக்கிறது. படத்தைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. தேக்கு, பிரம்பு, காம்பஸை விரித்து வைத்த மாதிரி கால். நம்ம ஊர் ஆபீஸ் சேருக்குப் பெரியப்பா பையன்!

அதன் பூர்வீகம் சண்டிகர். நேரு காலத்தில் அந்த நகரத்தை லெ கார்பூசியே கட்டியபோது, கூடவே வந்த அவருடைய சித்தப்பா பிள்ளை முறையான பியர் ஜான்னரே, 1965 வரை அங்கேயே தங்கி, ஆபீஸ், கோர்ட், யுனிவர்சிட்டி எல்லாவற்றுக்கும் மேஜை நாற்காலி வரைந்து கொடுத்தார். செய்தது உள்ளூர்த் தச்சர்கள். கால் உடைந்ததும் மொட்டை மாடியில் குவித்து, 'கண்டம்' என்று எழுதி, சல்லிசாக ஏலம் விட்டார்கள். வெளிநாட்டு வியாபாரிகள் அள்ளிக்கொண்டு போய், பழுது பார்த்து, லட்சக்கணக்கில் விற்றார்கள். கண்டம் ஆனது கண்டம் விட்டுக் கண்டம் போன பிறகு, 2011-ல் மத்திய உள்துறை விழித்துக்கொண்டு, இனி விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டது.

இதில் என்னைக் குத்திய விஷயம் வேறு. வாங்குகிறவர்கள் முதலில் தேடுவது, முதுகில் பெயிண்டால் எழுதிய ஆபீஸ் நம்பரைத்தானாம். அசல் என்பதற்கு அதுவே சாட்சி.

நம்முடையது ஜான்னரே அல்ல, யாரோ ஒரு ஆசாரி செய்தது. இருந்தாலும் அப்பா காதில் விழும்படி சண்டிகர் கதையை உரக்கப் படித்தேன். அவர் மருமகளிடம் கேட்டார்: "அவ்ளோ காசு குடுத்து வாங்கினவன் அதுல உக்காருவானான்னு கேளும்மா."

மறுநாள் அரூர் ரோட்டில் பழைய சாமான்காரரைத் தேடிப் பிடித்தேன். ஓட்டை மேல் ஒரு பலகையை அடித்து, அதில் அவரே உட்கார்ந்திருந்தார். "இடுப்புக்கு இதமா இருக்குதுங்க, தர்றதுக்கில்லை" என்றார். 1,200 ரூபாய் கொடுத்ததும் எழுந்தார்.

பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு வந்து திண்ணை ஓரம் இறக்கினேன். அப்பா முதுகுப்பக்கம் குனிந்து நம்பரைப் பார்த்தார். பலகையைத் தட்டிப் பார்த்தார். உட்கார்ந்தார். நாற்பது நாளுக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்து முதல் வார்த்தை:

"ரசீது வாங்கினியாடா?"