பள்ளிக்கூட வாசலுக்கும் மில் வண்டிக்கும் இடையே: வளரிளம் பெண்களுக்கான கோரிக்கை மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
மகளிர் குழுக்கள் மற்றும் பெற்றோர் சங்கம்,
அய்யலூர், வேடசந்தூர் வட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
திண்டுக்கல்.

பொருள்: அய்யலூர் பேரூராட்சியிலும் சுற்றுக் கிராமங்களிலும் படிப்பை நிறுத்திய 14 முதல் 18 வயது வரையுள்ள பெண்பிள்ளைகளுக்கு மாலைநேரக் கல்வி மையமும் தன்னம்பிக்கைப் பயிற்சியும் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வெளியூர்க்காரர்களுக்கு அய்யலூர் என்றால் வியாழக்கிழமை ஆட்டுச்சந்தை, தக்காளி மார்க்கெட், நான்குவழிச் சாலையில் லாரிக்காரர்கள் இறங்கிக் கும்பிட்டுப் போகும் வண்டிக் கருப்பண்ணசாமி கோயில். விடியுமுன் அதே சாலையில் நிற்பவர்கள் மில் வண்டிகளையும் பார்ப்பார்கள். வேடசந்தூர், வடமதுரை வட்டாரத்து நூற்பாலைகளுக்குப் பெண்பிள்ளைகளை ஊர் ஊராக நின்று ஏற்றிப்போகும் வண்டிகள் அவை. அந்த ஆலைகளால் எங்களில் பலர் வீட்டில் அடுப்பு எரிகிறது. அவற்றை மூடச் சொல்லி இந்த மனுவைக் கொடுக்கவில்லை. பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய பிள்ளை, முடிவு வருமுன்னே அந்த வண்டியில் ஏறிவிடுவதைத் தடுக்க வழி கேட்டே வந்திருக்கிறோம்.

இது நடக்கும் விதம் எளிது. தேர்வு முடிந்து வீட்டில் இருக்கும் பிள்ளையைத் தேடி ஆள் சேர்க்கும் ஏஜென்ட் வருவார். “லீவுதானே, ரெண்டு மாசம் போய்ட்டு வரட்டும்” என்பார். தக்காளி விலை விழுந்து, வட்டி கட்ட வேண்டிய நேரமாக இருந்தால் வீட்டில் மறுப்பவர் எவரும் இல்லை. கைக்கு முதல் சம்பளம் வந்தபின் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கையைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. மூன்றாண்டு விடுதியில் தங்கி வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்ற சுமங்கலித் திட்டத்தின் கதையைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். பெயர் பல முறை மாறியது. மகளின் கல்யாணச் செலவை மகளின் உழைப்பிலேயே எடுக்கலாம் என்று பெற்றோருக்குக் காட்டிய ஆசை மாறவில்லை. பெற்றோராகிய எங்களுக்கும் இதில் பங்குண்டு என்பதால்தான் பெற்றோரே மனு கொடுக்கிறோம்.

அரசிடம் திட்டங்கள் இல்லாமல் இல்லை. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வியில் சேரும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. ஆனால் அவள் கல்லூரி வாசலை மிதித்த பிறகே அந்தப் பணம் வரும். விலையில்லா மிதிவண்டி பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தவளுக்கு. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 14 வயதோடு நின்றுவிடுகிறது. ஒன்றிய அரசின் வளரிளம் பெண்கள் திட்டம் இப்போது 14 முதல் 18 வயதுப் பெண்களுக்கானதுதான். எனினும் வடகிழக்கு மாநிலங்களைத் தவிர, முன்னேற விழையும் மாவட்டங்களுக்கு மட்டுமே அது பொருந்தும். தமிழ்நாட்டில் அவை இராமநாதபுரமும் விருதுநகரும். திண்டுக்கல் அந்தப் பட்டியலில் இல்லை. ஆக, பதினைந்து வயதில் புத்தகப் பையை இறக்கி வைத்த அய்யலூர்ப் பெண்ணுக்குப் பொறுப்பேற்கும் அலுவலகம் எது என்று கேட்டால் விடை கிடைப்பதில்லை. பள்ளிக்கு அவள் இடைநின்றவள், தொழிலாளர் துறைக்கு வயதுச் சான்று கொண்டு வந்தவள், எங்களுக்கு மகள்.

வழி தெரியாத காரியமும் அல்ல இது. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிள் பயிற்சியையும் சேர்த்தார். கேலி பேசியவர்கள் உண்டு. ஆனாலும் கல்குவாரிப் பெண்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் ஓட்டப் பழகினார்கள். பஸ்ஸுக்கும் வீட்டு ஆண்களுக்கும் காத்திருப்பது குறைந்தது. தன்னம்பிக்கை வகுப்பு என்றால் யாரோ மேடையேறி ஒரு மணி நேரம் சொற்பொழிவாற்றிவிட்டுச் சான்றிதழ் கொடுத்துப் போவது என்றாகிவிட்ட இந்நாளில், அந்த ஆட்சியரின் யோசனை எவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்று எங்கள் கூட்டத்தில் பேசிக்கொண்டோம்.

நம் மாவட்டத்திலும் ஒரு முன்மாதிரி உண்டு. 2021 ஜனவரியில் ஆயத்த ஆடை ஆலை ஒன்றின் இளம் பெண் தொழிலாளி கொலை செய்யப்பட்டதை அடுத்து, பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. சூப்பர்வைசரின் அத்துமீறலை அடையாளம் காணவும் அஞ்சாமல் புகார் சொல்லவும் தொழிலாளிகளுக்கே பயிற்சி கொடுத்து, அவர்களிலிருந்தே கண்காணிப்பாளர்களை அமர்த்தியது அது. அவ்வொப்பந்தத்துக்கு வெளியே இருக்கும் மில்களுக்குப் போகும் எங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பயிற்சி இல்லை. வேலைக்குப் போவதற்கு முன்பே அது கிடைக்க வேண்டும்.

எனவே முதன்மையாக வேண்டுவது ஓர் இடம். அய்யலூரில் ஒன்றும், மலையோரக் குக்கிராமங்களுக்குப் பொதுவாக ஒன்றும் என இரண்டு மாலைநேர மையங்கள் திறக்க வேண்டும். கட்டடம் கட்ட ஒப்பந்தப்புள்ளி கோரத் தேவையில்லை. பள்ளி வகுப்பறையோ பேரூராட்சிக் கூடமோ போதும். 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம் உள்ளூர்ப் பெண்களையே தன்னார்வலர்களாக்கி 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் நடத்திக் காட்டியது. அதே முறையில் இந்த வயதுப் பெண்களுக்கும் நடத்தலாம். பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத விரும்புவோருக்குப் பாடம். மற்றவர்களுக்குச் சம்பளச் சீட்டு, பி.எஃப்., வங்கிக் கணக்கு, உடல்நலம், போக்சோ சட்டம், புகார் எழுதும் முறை ஆகியவை கற்றுத்தரப்பட வேண்டும். ஷிப்ட் முடிந்து வருபவளுக்கு ஏற்ற நேரம் வேண்டும். சந்தை நாளான வியாழக்கிழமை வேண்டாம், அன்று வீட்டுப் பெண்கள் யாருக்கும் ஓய்விருக்காது. பாடத்தையும் பயிற்றுநர்களையும் காந்திகிராம கிராமிய நிகர்நிலைப் பல்கலைக்கழகம் தரலாம். டாக்டர் சௌந்தரம் அம்மையார் உருவாக்கிய இடம் இந்த வேலைக்கு அந்நியமானதல்ல.

மையத்துக்கு வரும் பெண்களுக்குப் பதினொன்றாம் வகுப்பில் சேராவிட்டாலும் மிதிவண்டி வழங்க வேண்டும். சிலம்பம், கபடிப் பயிற்சியும் வேண்டும். பிள்ளைகளே கேட்டது இது.

தொழிலாளர் துறையும் சமூக நலத்துறையும் சேர்ந்து, ஆள் சேர்க்கும் ஏஜென்ட்களின் பட்டியலைப் பேரூராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். ஆலை விடுதிகள் 2014ஆம் ஆண்டு மகளிர் மற்றும் குழந்தைகள் விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு பெற்றவைதானா என்று ஆய்வு செய்து, விவரத்தைப் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும். 18 வயது நிரம்பாதவர்களை அபாயகரமான வேலையில் அமர்த்தக் கூடாது என்ற 2016 திருத்தச் சட்டம் வேடசந்தூர் வட்டத்தில் எப்படி நடைமுறையாகிறது என்பதையும் அறிய விரும்புகிறோம்.

கடைசியாக, நாள் குறித்து. பத்தாம் வகுப்புத் தேர்வின் கடைசி நாளுக்கும் ஜூன் சேர்க்கைக்கும் நடுவிலுள்ள வாரங்களில்தான் எல்லாம் முடிவாகிறது. தேர்வு முடிந்த வாரத்திலேயே ஆசிரியரும் மகளிர் குழு உறுப்பினரும் சேர்ந்து வீடு வீடாகச் செல்ல உத்தரவிடுங்கள். நாங்கள் உடன் வருகிறோம். ஆணை ஜூலையில் வந்தால் அந்த ஆண்டின் பிள்ளைகளுக்கு அது உதவாது. ஆகவே மார்ச் மாதத்திற்குள் உரிய ஆணை பிறப்பிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
சங்கத்தின் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்
இடம்: அய்யலூர்

நகல்: மாவட்ட சமூக நல அலுவலர்; முதன்மைக் கல்வி அலுவலர்; தொழிலாளர் துறை அலுவலர், திண்டுக்கல்; செயல் அலுவலர், அய்யலூர் பேரூராட்சி.