பந்துத் திடலும் பேனாவும்

சுங்கைப் பட்டாணி வட்டாரத்துத் தோட்டங்களிலும் பட்டணத்திலும் பந்தாட்டமென்றால் உயிரை விடும் நம்மவர், ஆட்டத்தைப் பற்றி எழுதுகிறவனை மட்டும் எழுத்தாளனென்று ஒப்புவதில்லை. திருவிழாவுக்கு நான்கு விருத்தம் கட்டினவன் புலவனாம். ஆட்டத்தில் இடம் பெற்றவன் எவன், மறுக்கப்பட்டவன் எவன் என்று விசாரித்து எழுதுகிறவன் வெறும் நிருபனாம்! இவ்வபிப்பிராயம் அறியாமையின்பாற்பட்டதென்றே யாம் கூறுவோம்.

ஸி. எல். ஆர். ஜேம்ஸ் என்னும் கறுப்பினத்தவரைப் பாருங்கள். 1901-ல் அவர் பிறந்த டிரினிடாட், 1845 முதல் 1917 வரை இந்தியரை ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்கு இறக்கிய தீவு. அங்கே கிரிக்கெட் சங்கங்கள் தோலின் நிறத்துக்கொன்றாகப் பிரிந்து நின்றன: வெள்ளையருக்கொன்று, மாநிறத்தாருக்கொன்று, கறுப்பருக்கொன்று. ஜாதிக்கொரு கோயில் கண்ட நமக்கு இது புதுமையன்று.

1932-ல் இங்கிலாந்து சென்ற ஜேம்ஸ், 'மாஞ்செஸ்டர் கார்டியன்' பத்திரிகைக்குக் கிரிக்கெட் எழுதினார். 1938-ல் ஹைட்டி அடிமைகளின் புரட்சியை நூலாக்கினார். பேனா ஒன்றுதான். 1958-ல் தாய்நாடு திரும்பி 'நேஷன்' பத்திரிகையின் ஆசிரியரானார். மேற்கிந்தியக் குழுவில் பெரும்பாலோர் வெள்ளையரல்லாதாராயிருக்க, தலைமை மட்டும் வெள்ளையரிடமே ஏன் தங்க வேண்டும்? பிராங்க் வொரெல் எதில் குறைந்தவர்? இதைக் கேட்டு விடாமல் எழுதினார். 1960-ல் ஆஸ்திரேலியப் பயணத்துக்கு வொரெல் தலைவரானார். ஒரு முழுத் தொடருக்குக் கறுப்பர் தலைவராக நியமிக்கப்பட்டது அதுவே முதல் முறை. பிரிஸ்பேனில் நடந்த முதல் ஆட்டமே இரு தரப்பும் ஓட்டம் சமமாகி முடிந்தது; டெஸ்ட் வரலாற்றில் அதற்கு முன் அவ்வாறு நிகழ்ந்ததில்லை. கறுப்பனுக்குத் தலைமை தெரியாதென்றவர்கள் பிறகு எங்கே போய் ஒளிந்தார்களோ! 1963-ல் வெளிவந்த அவருடைய 'பியாண்ட் எ பௌண்டரி' கிரிக்கெட் நூலா, சரித்திர நூலா, சுயசரிதையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அந்நாளில் நாட்டின் உயரிய விருதாயிருந்த டிரினிட்டி கிராஸ் 1987-ல் அவரை வந்தடைந்தது, 1989-ல் மறைந்தார்.

நம்மிடம் பொருளுக்கா பஞ்சம்? 1966-ல் பாங்காக் ஆசிய விளையாட்டில் ஜெகதீசன் மூன்று தங்கம் வென்றார். ராஜமணி 400 மீட்டரில் தங்கம் வென்றார். வென்ற நாளில் மாலை போட்டோம். அவர்கள் ஓடிவந்த வழியைத் தமிழில் எத்தனை பேர் படித்தோம்? தோட்டத் திடல் வீட்டுமனையாகும்போது விற்ற விலையை அறிகிறோம். அங்கே ஆடிய பிள்ளைகள் எங்கே போனார்களென்று கேட்பாரில்லை.

பத்திராதிபர்களே, சினிமாப் பக்கத்தில் பாதியைக் குறையுங்கள். கோல் கணக்கு மட்டும் அனுப்பும் நிருபரை, குழுவில் இடம் கிடைக்காத பையனின் வீட்டுக்கு ஒருமுறை அனுப்புங்கள்.