பெட்டியின் விலையும் கிண்ணத்தின் மதிப்பும்

சேமிப்பு என்றதும் வைப்புநிதி, தங்கம், வீடு, பங்குகள் ஆகியவையே நினைவுக்கு வருகின்றன. அண்மைக் காலமாகக் கலைப்பொருள்களையும் அப்பட்டியலில் சேர்த்துக்கொள்ளுமாறு அறிவுரைகள் பெருகிவருகின்றன. சென்ற நூற்றாண்டின் ஜப்பானியக் குயக்கலைஞர்கள் வனைந்த பாண்டங்களும் அவற்றுள் அடங்கும். பல்லாண்டுகளாக இப்பாண்டங்களைத் தேடிச் சேர்த்துவரும் கணவன் மனைவியாகிய எங்களின் கருத்து வேறு. இவற்றை வாங்கலாம், நாள்தோறும் பயன்படுத்தி மகிழலாம், ஆனால் சேமிப்பு என்று கணக்கில் எழுதலாகாது.

இப்பாண்டங்களின் வரலாறே இதற்கு முதற்சான்று. 1925இல் யனாகி சோயெட்சுவும் அவருடைய நண்பர்களாகிய குயக்கலைஞர்கள் ஹமாதா ஷோஜி, கவாய் கன்ஜிரோ ஆகியோரும் 'மிங்கெய்' என்னும் சொல்லை உருவாக்கினர். மக்கள் கைவினை என்பது அதன் பொருள். பெயரறியாத கைவினைஞர் அன்றாடப் பயன்பாட்டுக்காகச் செய்த பொருளிலேயே அழகு குடிகொண்டுள்ளது என்பது அவர்களின் கொள்கை. ஹமாதா 1920இல் பெர்னார்டு லீச்சுடன் இங்கிலாந்து சென்று, செயின்ட் ஐவ்ஸ் ஊரில் சூளை அமைக்க உதவினார். தாயகம் திரும்பிய பின் மஷிகோ என்னும் குயவர் ஊரில் குடியேறி, அங்குக் கிடைத்த மண்ணையும் கல்லையும் உமிச்சாம்பலையும் கொண்டே பாண்டங்கள் செய்தார். அவற்றில் தம் பெயரைப் பொறிப்பதையும் விட்டுவிட்டார். 1955இல் ஜப்பானிய அரசு அவருக்கு 'வாழும் தேசியச் செல்வம்' என்னும் தகுதியை வழங்கியது. கவாயோ அத்தகுதியை ஏற்க மறுத்தார்.

பெயர் வேண்டா என்றவர்களின் பாண்டங்களுக்கு, இன்று பெயரை வைத்தே விலை கூறப்படுகிறது. பாண்டத்தில் பெயர் இல்லாததால், அதனுடன் வரும் மரப்பெட்டியே சான்றாகிறது. 'தோமோபாகோ' எனப்படும் இப்பெட்டி, 'கிரி' என்னும் எடை குறைந்த மரத்தால் ஆனது. பாண்டத்தின் வகையையும் தம் பெயரையும் கலைஞரே அதன் மூடியில் மையால் எழுதி முத்திரையிடுவார். பெட்டி இருந்தால் ஒரு விலை. இல்லையேல் அதே பாண்டத்திற்கு அதில் சிறு பங்கே கிடைக்கும். வாங்குபவர் மண்ணுக்குத் தருவதைவிட மரத்துக்கே மிகுதியாகத் தருகிறார்.

இதனை நாங்கள் பொருளிழந்தே கற்றோம். பெட்டியுடன் கூடிய கருநிறத் தேநீர்க் கிண்ணம் ஒன்றை ஹமாதாவின் படைப்பு என்று ஒரு விற்பனையாளர் காட்டியபோது, முதிர்வுக்கு முன்னரே ஒரு வைப்புநிதியை முறித்து அதனை வாங்கினோம். ஓராண்டு கழியுமுன் வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு அறுவை மருத்துவம் தேவைப்பட்டது. கிண்ணத்தை விற்க முனைந்தோம். ஜப்பானிய மொழி அறிந்த ஒருவர் மூடியைப் படித்துவிட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தார். 'காகி' என்னும் செம்பழுப்பு மெருகுப்பூச்சுடைய கிண்ணம் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. எங்கள் கையிலிருந்ததோ கருப்புக் கிண்ணம். பெட்டிக்குள் அது தளர்ந்து ஆடியதையும் நாங்கள் அதுவரை பொருட்படுத்தவில்லை. எங்களால் படிக்க இயலாத எழுத்துக்கு நாங்கள் விலை கொடுத்திருந்தோம். மருத்துவச் செலவை வேறொரு வைப்புநிதியே தாங்கியது.

இவற்றை விற்று ஆதாயம் கண்டவர்கள் உண்டு என்பதை மறுக்கவில்லை. அவர்கள் மொழியும் சூளைகளின் இயல்பும் அறிந்தவர்கள். பல்லாண்டு காத்திருக்கும் வசதியும் உடையவர்கள். தங்கத்தை எடையும் மாற்றும் பார்த்து அன்றே பணமாக்கலாம். பாண்டத்திற்கோ தக்க வாங்குபவர் வரும் நாளே விலை பிறக்கும் நாள். நம் தேவை அந்நாள்வரை காத்திராது.

ஆகவே இவ்வார்வம் உடையோர்க்கு நாங்கள் கூறுவன சில. அவசரத் தேவைக்கான நிதியையோ கடன் தொகையையோ இதில் இடாதீர். ஆண்டுக்கு இவ்வளவு என வரம்பு வகுத்து, அதனைச் செலவுக் கணக்கிலேயே எழுதுங்கள். பெட்டியுடன் வாங்கினால், மூடியின் எழுத்தைப் படிக்கச் செய்து, பாண்டத்துடன் ஒப்பிட்ட பின்னரே பணம் கொடுங்கள். விலைச்சீட்டையும் ஒளிப்படங்களையும் பேணுங்கள். பெட்டியின்றிக் குறைந்த விலைக்கு வரும் நல்ல பாண்டத்தைப் புறக்கணியாதீர். அதனைக் கையிலெடுத்து, எடையையும் விளிம்பையும் அடிவளையத்தையும் உங்கள் விரல்களால் அறியுங்கள். இப்பயிற்சிக்கு ஜப்பான் வரை செல்ல வேண்டியதில்லை. அங்குக் குயக்கலை பயின்ற டெபோரா ஸ்மித், ரே மீக்கருடன் இணைந்து 1971இல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் மட்பாண்டக் கூடத்தை நிறுவினார். அங்குப் பயின்றோர் பலர் இன்று நம் நாட்டிலேயே சூளை வைத்துள்ளனர்.

அக்கருப்புக் கிண்ணத்தை நாங்கள் விற்கவில்லை. அதனை வனைந்தவர் யாரென இன்றளவும் தெரியாது. பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டோம். கிண்ணம் மட்டும் சமையலறை அலமாரியில் மற்றவற்றோடு இருக்கிறது. காலையில் முதலில் எழுபவர் எவரோ, அவருக்கே அன்று அதில் தேநீர்.